கழிக்கப்பட்ட கைத்துப்பாக்கி

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை பிரிக்கும் நாளில் போய் நின்றால், வெந்து ஆறிய ஃபியூஸ் கட்டைகளைத் தரையில் குவித்துவைத்துக்கொண்டு, ஒன்றை எடுத்து இன்னொன்றின் விளிம்பில் மெல்லத் தட்டி, காதாலேயே சோதித்துப் பிரித்துப்போடும் பெண்களைக் காணலாம். கணீரென்று ஒலித்தால் ஒரு பக்கம். மந்தமாக ஒலித்தால் மறு பக்கம். பார்வைக்கு ஒரு குறையும் இல்லாமல் மெருகேறி மழுமழுவென்று இருக்கும் கட்டையும், உள்ளே மயிரிழை விரிசல் ஓடியிருந்தால், சத்தத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதை நம்பி மின்சாரத்தின் பக்கத்தில் கை வைக்கப்போகிறவன் எங்கோ ஒரு வீட்டில் இருக்கிறான் என்பதால், அந்தச் சோதனையில் தாட்சணியத்திற்கு இடமில்லை.

இதே ஊரின் தாலுகா கச்சேரியில், கஜானா வாசலில் பாரா நின்ற போலீஸ்காரரின் தோளில் சாய்ந்திருந்த மஸ்கெட் துப்பாக்கியைச் சிறுவயதில் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அதைச் சுண்டிப் பார்த்தவர் யார், அது வெடிக்கும் என்று அவரிடம் உறுதி சொன்னவர் யார் என்ற கேள்விகள் எனக்கு வெகு காலம் கழித்தே தோன்றின. ஒரு போலீஸ் இலாகா தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து ஓர் ஆயுதத்தை நீக்கியது என்று கேள்விப்பட்டால், அது பழசாகிவிட்டது போலும் என்று நாம் சொல்லிவிடுகிறோம். பழமை ஒன்றே காரணமாவது அபூர்வம். எண்ணெய் இட்டுப் பேணிய துப்பாக்கி மூன்று தலைமுறை சுடும். ஏந்துகிறவனுக்கும் ஆயுதத்திற்கும் இடையே இருக்க வேண்டிய நம்பிக்கை எங்கே முறிந்தது என்று தேடினால்தான் காரணம் அகப்படும்.

நம் நாட்டில் அந்த நம்பிக்கையின் சரித்திரம் அவநம்பிக்கையிலேயே ஆரம்பமாயிற்று. சென்னை ராஜதானியின் போலீஸ் படை 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் முறையான உருவம் பெற்றபோது, 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் புகை இன்னும் அடங்கவில்லை. இந்தியன் கையில் எந்தத் துப்பாக்கியைக் கொடுக்கலாம் என்பதைக் காட்டிலும், கொடுத்த துப்பாக்கி தங்களுக்கு நேராகத் திரும்பினால் என்ன ஆகும் என்பதே ஆட்சியாளரின் பிரதான கவலையாக இருந்தது. அந்தக் கவலையின் முதிர்ந்த கனிதான் .410 மஸ்கெட். வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில், பத்துத் தோட்டா கொள்ளும் .303 ரைஃபிளை எடுத்து, குழலின் உட்புறத்து வரிகளை அகற்றி வழவழப்பாக்கி, தோட்டா அடுக்கும் பெட்டியில் மரக்கட்டையைச் செருகி அடைத்து, ஒரு முறைக்கு ஒரே தோட்டா என்று ஆக்கினார்கள். ராணுவத்தின் .303 தோட்டாவும் அதற்கு உதவாது. நல்லதொரு ஆயுதத்தை வேண்டுமென்றே ஊனப்படுத்தி, அதை ஒருவனிடம் கொடுத்து, காவல் நில் என்று சொல்வதைப் போன்ற அவமதிப்பு வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. அதைவிட வருந்தத்தக்கது, சுதந்திரம் வந்து ஐம்பது ஆண்டு கழிந்த பின்னும் அந்த மரக்கட்டை மஸ்கெட் பல மாநிலங்களில் பாரா நின்றுகொண்டிருந்ததுதான்.

கைத்துப்பாக்கி அதிகாரிகளின் ஆயுதம். பர்மிங்ஹாம் வெப்லி கம்பெனியின் .455 ரிவால்வர் வெள்ளைக்கார அதிகாரியின் இடுப்பில் அலங்காரமாகவும் அதிகாரமாகவும் தொங்கிய காலம் ஒன்று இருந்தது. 1898இல் அதற்கென்று உடலில் பட்டதும் விரியும் தோட்டா ஒன்றைப் புகுத்தினார்கள். மறு ஆண்டே ஹேக் மாநாடு அத்தகைய குண்டுகளை யுத்தத்தில் தடைசெய்ய, அந்தத் தோட்டா திரும்பப் பெறப்பட்டது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையின் பெயர் உலக பாஷைகளில் எல்லாம் ஏறியதும் இவ்வகைக் குண்டுகளாலேயே. முதல் உலக யுத்தத்தில் அவசரமாகச் சேர்ந்த சிப்பாய்கள், ஒரு கிலோவுக்கு மேல் கனத்து, கையை உதைத்த .455ஐ வசப்படுத்த முடியாமல் திணறினார்கள். ஆகவே சிறிய பயிற்சியிலேயே குறி கைகூடும்படி .38 ரிவால்வரைத் தயாரித்து, 1932இல் என்ஃபீல்டு என்ற பெயரில் ஏற்றார்கள். டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது சுத்தியலின் வால் துணியிலும் கம்பியிலும் மாட்டிக்கொள்கிறது என்று 1938இல் அந்த வாலையும் வெட்டினார்கள். தோட்டாவின் சட்டத் தகுதி, கையின் பலம், சட்டையில் மாட்டும் ஒரு சிறு கொக்கி: ஆயுதங்கள் மாறுவதற்கு இத்தனை சிறிய, இத்தனை பெரிய காரணங்கள் உண்டு.

நம் சப்-இன்ஸ்பெக்டர்களுக்கு வந்து சேர்ந்தது இந்த .38 வம்சந்தான். ஆறு தோட்டா, நடுவில் ஒடித்துத் திறந்தால் வெற்றுத் தோட்டாக்கள் எல்லாம் ஒருசேர எழும்பி உதிரும் வசதியான அமைப்பு. ஆயினும் அந்த ஒடியும் கீலும், அதைப் பூட்டும் தாழும், சுழலும் உருளையை ஒவ்வொரு சுற்றிலும் குழலுக்கு நேராக நிறுத்தும் சிறு நாக்கும் தேய்கின்றன. ஆர்மரர் என்று போலீசார் அழைக்கும் ஆயுதப் பழுதுபார்ப்பவர், சுத்தியலை மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் உருளையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்ப்பார். ஆட்டம் இருந்தால் துவாரமும் குழலும் ஒரே கோட்டில் நிற்கவில்லை. சுட்டால் ஈயம் விளிம்பில் சீவுண்டு பக்கவாட்டில் தெறிக்கும். சூளையடியில் கட்டையைத் தட்டும் பெண்ணின் காதுக்கும் அந்தக் கட்டைவிரலுக்கும் தொழில் ஒன்றே.

ஆனால் ரிவால்வரை ஓரங்கட்டியது தேய்மானம் மாத்திரம் அன்று. 1960களில் கான்பூரில் 9 மி.மீ. கார்பைன் உற்பத்தியாயிற்று; பிறகு இஷாப்பூரில், கனடா நாட்டு இங்கிலிஸ் கம்பெனி செய்த பிரவுனிங்கை அடியொற்றி, பதின்மூன்று தோட்டா கொள்ளும் 9 மி.மீ. பிஸ்டல் உருவாயிற்று. கார்பைனுக்கும் பிஸ்டலுக்கும் ஒரே தோட்டா என்றான பிறகு, .38க்கென்று தனியே தோட்டா வாங்கி, தனியே கணக்கெழுதி, தனியே காப்பது சர்க்காருக்குச் சுமையாயிற்று. தோட்டா அரிதானால் பயிற்சி அரிதாகும். பயிற்சி அரிதானால், சோதனையில் தேறிய ஆயுதமும் கையில் அந்நியப்பொருளாகிவிடும்.

காலம் கடந்த ஆயுதத்தோடு காவல் நிற்பதன் விலையை 2008 நவம்பர் 26ஆம் தேதி இரவு மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் நாடு கண்டது. ஏ.கே. ரகத் துப்பாக்கிகளோடு பயங்கரவாதிகள் இருவர் புகுந்தபோது, அங்கே காவலில் இருந்தவர்களில் பெரும்பாலோரிடம் லத்திகளும் சில .303 ரைஃபிள்களுமே இருந்தன. ரயில்வே பாதுகாப்புப் படையின் ஜில்லு யாதவ், சகா ஒருவரின் ரைஃபிளை வாங்கிச் சுட்டார்; அதோடு ஒரு நாற்காலியைத் தூக்கியும் எறிந்தார். அந்த நாற்காலியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அதன் பின்னரும் உத்தரப் பிரதேசப் போலீஸ் தன் .303க்குச் சடங்கோடு விடைகொடுக்க 2020ஆம் ஆண்டுக் குடியரசு தின அணிவகுப்பு வரவேண்டியிருந்தது.

புதியது என்பதாலேயே நம்பத்தக்கது என்றும் எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவின் டல்லஸ் நகரப் போலீஸ் 2017இல் சிக் சாவர் பி320 என்ற நவீன பிஸ்டலை நிறுத்திவைத்தது. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் விசை தொடாமலே வெடிக்கிறது என்பதே காரணம். கம்பெனி விசையின் உறுப்புகளை இலகுவாக்கிப் புதுப்பித்துக் கொடுத்தது. பிற்பாடு உறையில் இருக்கையிலேயே வெடித்ததாகப் புகார்கள் எழுந்து வழக்குகளாயின. ஆயுதத்தில் குற்றமில்லை என்று கம்பெனி வாதிட்டாலும், மில்வாக்கி முதலிய நகரங்களின் போலீசார் அதைக் கைவிட்டார்கள். நீதிமன்றத்தில் நிரூபணம் ஆகும்வரை ஒரு காவலர் தம் தொடையருகே சந்தேகத்தைச் சுமந்து நடக்க வேண்டும் என்று எந்த அதிகாரி சொல்ல முடியும்?

நீக்கும் உத்தரவு ஒரு தாளில் முடிந்துவிடுகிறது. கைப்பழக்கம் அவ்வாறு முடிவதில்லை. ரிவால்வரோடு இருபது வருஷம் வாழ்ந்தவர், அதை ஒடித்துத் திறந்து ஆறு துவாரங்களையும் கண்ணால் பார்த்து, காலி என்று அறிந்தவர். பிஸ்டலில் மேகசினை உருவி எடுத்த பிறகும் குழலடியில் ஒரு தோட்டா கண்ணுக்கு மறைவாகத் தங்கியிருக்கக்கூடும். ஆகையால் பாரா மாறும் வேளையில் மணல் மூட்டைக்கு நேராகக் குழலைப் பிடித்து, முதலில் மேகசினைக் கழற்றி, அப்புறம் மேல்தகட்டைப் பின்னுக்கு இழுத்து, அந்த ஒற்றைத் தோட்டா வெளியே வந்து விழுகிறதா என்று பார்த்து, விழாவிட்டால் துவாரத்தினுள் சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார்க்கப் பழக வேண்டியிருக்கிறது.