கரி சுமந்தவர்களின் கணக்கு

வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் 1830 வாக்கில் ஓர் இரும்பு உருக்காலை எழுந்தது. ஜாம்ஷெட்பூரில் டாடாவின் ஆலை வருவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பு, ஐரோப்பிய முறையில் பெரிய அளவில் இரும்பு உருக்க இந்தியாவில் நடந்த தொடக்ககால முயற்சி அது. இன்று அந்த ஊரின் பெயரைச் சொன்னால் தர்காவும் கடல் உயிரியல் ஆய்வு மையமும் நினைவுக்கு வரும். இரும்பு வராது.

ஆலையைத் தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத், கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்தை விட்டு வந்தவர். சேலம் கஞ்சமலையின் இரும்புக்கல் அவரை ஈர்த்தது. கம்பெனி அவருக்கு முன்பணம் கொடுத்தது. சென்னை மாகாணத்தில் ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையும் அரசு நிலங்களில் விறகு வெட்டும் உரிமையும் கிடைத்தன. இரும்புக்கல் காவிரி, கொள்ளிடம் வழியே பரிசல்களில் வந்தது. மலபாரின் பேப்பூரிலும் ஓர் ஆலை எழுந்தது.

உலைக்கு வேண்டியது நிலக்கரி அல்ல, மரக்கரி. ஒரு டன் இரும்புக்குப் பல டன் கரி தேவை. அருகிலிருந்த காடு குறையக் குறையக் கரி வரும் தூரம் கூடியது, செலவும் ஏறியது. இங்கிலாந்தில் நிலக்கரியால் மலிவாக உருக்கிய இரும்பு அதே நேரத்தில் கப்பலில் வந்து இறங்கியது. 1853இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற புதிய பெயரில் மீண்டும் முயன்றார்கள். 1860களில் பரங்கிப்பேட்டை உலைகள் அணைந்தன.

நான் படித்த வரலாறுகளில் இது ஹீத்தின் துயரக் கதை. 1839இல் மாங்கனீசு சேர்த்து எஃகு செய்யும் முறைக்கு அவர் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு முதலாளிகள் பணம் கொடுக்காமலே அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். வழக்காடியே ஓய்ந்து 1851இல் இறந்தார். அவருக்கு நேர்ந்தது அநியாயம்தான். ஆனால் பரங்கிப்பேட்டையின் கதையில் இழந்தவர் அவர் ஒருவர்தானா?

சேலம் பகுதியில் ஹீத்துக்கு முன்பும் இரும்பு உருகியது. ஆளுயரத்துக்கும் குறைவான மண் உலை, தோல் துருத்தி, ஓடை நீரில் அலசிய கருமணல், மூட்டம் போட்டுச் சுட்ட கரி. அது குடும்பமாகச் செய்த தொழில். குடும்பத் தொழிலில் பெண்ணின் வேலைக்குத் தனிக்கூலி கிடையாது. கூலி இல்லாத வேலை கணக்கில் ஏறாது, கணக்கில் ஏறாதது வரலாற்றிலும் ஏறாது. டன் கணக்கில் கரி உலைக்கு வந்தது என்று எழுதுகிறவர்கள், அதைச் சுட்டவர் யார், சுமந்தவர் யார் என்று கேட்பதில்லை.

புறநானூற்றை நடத்தும்போது ஔவையாரின் ஒரு பாட்டில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி அழகாகக் காவலில் இருக்கின்றன. அதியமானுடையவையோ முனை முறிந்து கொல்லனின் சிறு குடிலில் கிடக்கின்றன என்கிறார். சேலத்தை அடுத்த தகடூர் நாட்டு அரசனைப் புகழ வந்தவர், அரண்மனையோடு நிற்காமல் பட்டறையையும் பார்த்திருக்கிறார். வரலாற்று மாணவிகளுக்கு அந்தக் கண் வேண்டும்.

ஹீத் போனபின் ஊர் உலைகளும் பிழைக்கவில்லை. இறக்குமதி இரும்பு ஒரு பக்கம் நெருக்கியது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்து, காப்புக்காடுகளில் அனுமதியின்றி மரம் வெட்டுவதைக் குற்றமாக்கியது. ஆலைக்கு விறகு வெட்ட உரிமை எழுதிக்கொடுத்த அரசுதான் இதையும் எழுதியது. முதலாளி வெட்டியபோது தொழில் வளர்ச்சி. தலைச்சுமை விறகோடு வந்த பெண் பிடிபட்டால் திருட்டு.

கைவிடப்பட்ட ஆலைகளைப் பற்றி எழுதப்போகும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். புகைபோக்கியின் உயரத்தையும் முதலாளியின் கடனையும் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்தாமல் உலைக்குக் கரி எந்தக் காட்டிலிருந்து, யார் தலையில் வந்தது என்று கேளுங்கள். ஆலை மூடிய மறுநாள் அவர்கள் வீட்டில் எதை வைத்து அடுப்பு எரிந்தது என்றும் கேளுங்கள்.