கிண்டியில் ஒரு காவற்கூடம்



எங்கள் அம்பாசமுத்திரத்தில் என் வயதொத்தவர்களின் மேற்கையை உற்று நோக்கினால் வட்டமான வடு ஒன்று தென்படும். அம்மை குத்திய வடு அது. அதற்கும் சென்னைக் கிண்டிக்கும் உள்ள தொடர்பை எடுத்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பசுவம்மைப் பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்று 1796-இல் இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் காட்டினார். மருந்து கிடைத்துவிட்டது, ஊர்தோறும் அதனைக் கெடாமல் கொண்டு சேர்ப்பது எங்ஙனம்? தொடக்கத்தில் ஒருவர் கையின் கொப்புளத்திலிருந்து எடுத்து மற்றவர் கையில் வைத்தனர். அதனால் வேறு நோய்களும் தொற்றக்கூடும். கன்றின் தோலில் விளைத்த பாலோ நம் நாட்டு வெயிலில் வீரியம் இழந்தது. சென்னை மாகாணச் சுகாதார ஆணையராயிருந்த கர்னல் கிங், அதனை லனோலின் என்னும் ஆட்டு மயிர்க் கொழுப்பில் குழைத்துப் பயன்படுத்தினார். 1899-இல் அம்மைப்பால் தயாரிக்கத் தோன்றிய கிண்டி நிலையம் அவர் பெயரையே தாங்கிற்று.

அம்மையை அன்னையின் வருகையாகக் கருதிய மக்கள் எளிதில் கை நீட்டினாரல்லர். தயங்கி நீட்டிய கையில் வீரியமற்ற மருந்தை வைத்தால், நோயும் வரும், நம்பிக்கையும் போகும். ஆதலின் மருந்தின் தரமே அப்பணிக்கு உயிர்நாடி.

நிலையத்தின் மற்றொரு பணி நீர்ச்சோதனை. வாந்திபேதிக் கிருமியை 1884-இல் கல்கத்தாவில் ராபர்ட் காக் பிரித்தறிந்தார். நம் பொருநை நீர் பளிங்குபோல் தோன்றலாம். ஆயினும், தெளிந்த நீரெல்லாம் தூய நீராகாது. கிருமி நீக்கிய புட்டியில் நீரை எடுத்துக் குளிர்ச்சியாக ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவர். குடலில் வாழும் கோலி இனக் கிருமிகள் காணப்பட்டால், அந்நீரில் மலக்கழிவு கலந்ததென்று பொருள். நோய் பரவுமுன்னரே எச்சரிக்கை கிடைத்துவிடும்.

இந்தியாவில் 1975-க்குப் பின் பெரியம்மை தோன்றவில்லை. 1980-இல் உலகமே அதனின்று விடுபட்டதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் காவல் ஓயவில்லை. 2020-இல் கோவிட் பரவிய தொடக்க நாட்களிலேயே கிண்டியில் சோதனைகள் நடந்தன.

மருத்துவர் காப்பாற்றிய நோயாளி நன்றி கூறுவார். ஆய்வுக்கூடம் காப்பாற்றியவர்க்கோ, தாம் காக்கப்பட்டதே தெரியாது. தீங்கு நேராத நாள் செய்தியாவதில்லை. அதனாலேயே இத்தகைய கூடங்கள் எளிதில் மறக்கப்படுகின்றன. நாளை ஊராட்சியிலோ அரசுப் பணியிலோ அமரப்போகும் நீங்கள், நோயற்ற காலத்திலும் இவற்றுக்குரிய பொருளையும் ஆட்களையும் குறைக்காதீர்கள். வெள்ளம் வந்தபின் கரை கட்டுவார் உண்டோ?