தெற்கு என்று பெயர் வைத்தவர்கள்

ஸ்காட்லாந்து வரைபடத்தில் சதர்லாந்தை முதன்முறை தேடியபோது நான் கீழ்ப்பக்கமாகத்தான் தேடினேன். பெயருக்கே 'தெற்கு நிலம்' என்றுதானே பொருள்! கிடைத்ததோ உச்சியில். பிரிட்டன் பெருநிலத்தின் வடமேற்கு மூலையே அதற்குள்தான் இருக்கிறது. வடகோடியில் கிடக்கும் ஊருக்குத் தெற்கு என்று யாருய்யா பெயர் வைத்தது?

வைத்தவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். 9ஆம் நூற்றாண்டிலிருந்து ஆர்க்னி தீவுகள் நார்ஸ்காரர்கள் கையில் இருந்தன. அந்தத் தீவுகளின் பிரபுக்கள் கடலைத் தாண்டி வந்து கேத்னஸையும் பிடித்துக்கொண்டார்கள். அங்கே நின்று பார்த்தால் அடுத்துள்ள மலைநாடு தெற்கேதான். ஆக, இந்தப் பெயர் அந்த நிலத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பெயர் வைத்தவன் எங்கே நின்றான் என்பதை மட்டும்தான் சொல்கிறது.

உள்ளே இருந்தவர்களுக்கு வேறு பெயர் இருந்தது. பிக்ட் இனத்தாரின் பழைய நிலப்பிரிவுகளில் ஒன்று 'கட்'. பூனை என்று பொருள் சொல்கிறார்கள். சதர்லாந்துக்கு கேலிக் மொழியில் இன்றும் பெயர் காட்டிவ், அதாவது பூனை மக்களின் நாடு. வேடிக்கை என்னவென்றால், கேத்னஸ் என்ற நார்ஸ் பெயருக்குள்ளும் அதே பூனைதான் ஒளிந்திருக்கிறது: பூனை முனை. ஆனால் கேலிக்காரர்கள் அந்தக் கேத்னஸை காலிவ் என்கிறார்கள். அந்நியர் நாடு! பூனைப் பெயர் அந்நியர் வசம் போய்விட்டது. பூனை நாட்டுக்கு அந்நியர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

இதுவரை சுவாரசியமான சொல் விளையாட்டு மாதிரிதான் எனக்கும் இருந்தது. ராஸல் என்ற ஊரைப் பற்றிப் படிக்கும்வரை.

நேவர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்த ஊர் அது. பெயர் நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. குதிரை மேயும் வெளி என்று பொருள். நார்ஸ் பேச்சு அங்கிருந்து மறைந்து, கேலிக் பேசும் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே பயிர் செய்து, மாடு வளர்த்து வாழ்ந்தார்கள். பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. ஆட்கள் மாறினாலும் பெயர் தங்கும் என்பதற்கு நல்ல உதாரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நிலமெல்லாம் சதர்லாந்து சீமாட்டி எலிசபெத்தின் சொத்து. குடியானவர் தரும் வாடகையைவிட ஆட்டுப் பண்ணை அதிகம் தரும் என்று எஸ்டேட் கணக்குப் போட்டது. 1814இலும் 1819இலும் பள்ளத்தாக்கைக் காலி செய்தார்கள். திரும்பி வந்துவிடக் கூடாதென்று கூரைகளுக்குத் தீ வைத்தார்கள். எஸ்டேட் அதிகாரியான பேட்ரிக் செல்லரே அங்கே ஆட்டுப் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். வெளியேற்றத்தின்போது நேர்ந்த மரணங்களுக்காக 1816இல் அவர்மேல் இன்வர்னஸில் வழக்கு நடந்தது. விடுதலையாகிவிட்டார். ராஸலைச் சேர்ந்த கல்தச்சர் டொனால்ட் மக்லவுட், 1819இல் ஓர் இரவு மேட்டில் ஏறி நின்று எரியும் வீடுகளை எண்ணியதாக எழுதியிருக்கிறார். 250. பல வருடம் கழித்து, கனடாவுக்குக் குடிபெயர்ந்த பிறகும் அவர் அதையே எழுதிக்கொண்டிருந்தார்.

துரத்தப்பட்டவர்களில் பலருக்குக் கடலோரம் துண்டு துண்டாக நிலம் கொடுத்தார்கள். ஏர் பிடித்த கைகள் மீன் பிடிக்கப் பழக வேண்டும். நேவர் ஆறு கடலில் சேரும் இடத்தில் அப்படி எழுந்த ஊர் பெட்டிஹில், அதாவது பெட்டியின் குன்று. பெட்டி என்பது எலிசபெத்தின் செல்லப் பெயர். சீமாட்டியின் பெயரேதான்.

வீட்டை எடுத்தவரின் பெயரைச் சொல்லித்தான் இனி தங்கள் ஊரைச் சொல்ல வேண்டும். அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டையில் ஏதோ அடைக்கிறது.

1833இல் எலிசபெத்தின் கணவர் சதர்லாந்து டியூக் ஆனார். எங்கோ நின்று பார்த்தவன் வைத்த பெயர் பட்டமாகி, அந்த மண்ணில் வாழாத ஒருவர் தலையில் ஏறியது. ராஸலோ வரைபடத்தில் இன்னும் இருக்கிறது. சுற்றிலும் நட்டு வளர்த்த காடு, நடுவே புல் மூடிய சுவர் அடிகள். நான் நினைத்தது சரிதான், பெயர் தங்கிவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அங்கே ஒருவரும் இல்லை.