ஒரு தொட்டி, இரு குழாய்கள்

ஒரு வீட்டுக் குழாயில் மட்டும் தண்ணீர் கலங்கி வந்தால் அந்தக் குழாயைப் பார்ப்போம். தெரு முழுவதும் கலங்கி வந்தால்? நீர் வரும் தொட்டியையல்லவா பார்க்க வேண்டும்! இராஜபாளையத்தில் மலையடிவாரத்து ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கணிப்பொறியின் வரலாற்றிலும் இப்படி ஒரு தொட்டி உண்டு. அதன் கதையை இங்கே காண்போம்.

2000ஆம் ஆண்டையொட்டி இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில் பலரும் இணையத்தை முதன்முதலில் கண்டது பிரவுசிங் சென்டர்களில்தான். தேர்வு முடிவு பார்ப்பதும், வெளியூரிலிருக்கும் மகனுக்கு அஞ்சல் அனுப்புவதும் அங்கேதான். அக்காலக் கணிப்பொறிகளில் ஒரு விந்தையான கோளாறு நேரும். இணைய உலாவி திறக்காது; அதே வேளையில் மின்னஞ்சல் நிரலும் கடிதங்களைக் காட்டாது. இரண்டும் ஒருசேரக் கெடுவானேன்?

இந்தியாவில் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கிய நாள் 1995 ஆகஸ்ட் 15. மறுநாளே அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'இண்டர்நெட் எக்ஸ்புளோரர்' உலாவியின் முதல் பதிப்பை வெளியிட்டது. அப்போது அது ஒரு தனி நிரல்தான். 1997இல் வந்த நான்காம் பதிப்பில் நிலைமை மாறியது. இணையப் பக்கத்தை வரைந்து காட்டும் வேலை முழுவதும் 'எம்எஸ்எச்டிஎம்எல்' என்ற ஒரே கோப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. உடன் வந்த 'அவுட்லுக் எக்ஸ்பிரஸ்' அஞ்சல் நிரலும் கடிதங்களைக் காட்ட அதே கோப்பையே நாடியது. 1998இல் வந்த விண்டோஸ் 98இல் இவை பிறவியிலேயே சேர்ந்திருந்தன. தொட்டி ஒன்று, குழாய்கள் இரண்டு!

இவ்வமைப்பால் இடமும் உழைப்பும் மிச்சமாகும். ஆனால் போட்டியாளரான நெட்ஸ்கேப் உலாவியை ஒழிக்கவே இந்தப் பிணைப்பு என்று அமெரிக்க அரசு 1998 மே மாதம் வழக்குத் தொடுத்தது. உலாவியைப் பிரித்தால் விண்டோஸே பழுதாகும் என்றது நிறுவனம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன் உலாவியை நீக்கும் நிரல் ஒன்றை எழுதி, அது இயலும் என்று சாட்சியமளித்தார். 2000இல் தீர்ப்பு நிறுவனத்திற்கு எதிராக வந்தது. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கும் ஆணையை 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது.

பிணைப்பின் ஆபத்தை அதே ஆண்டு செப்டம்பரில் 'நிம்டா' என்னும் நச்சுநிரல் உணர்த்தியது. ஓட்டை இருந்தது உலாவியில். ஆனால் கடிதத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே நச்சுநிரல் இயங்கியது!

இனி, பழுது நீக்கும் முறைக்கு வருவோம். திடீர் மின்தடையாலோ, வேறொரு நிரல் தன் பழைய பதிப்பை மேலே எழுதிவிடுவதாலோ பொதுக்கோப்பு சிதையக்கூடும். விண்டோஸ் 98இல் இருந்த சோதிப்பு நிரல், சிதைந்த கோப்பைக் கண்டுபிடித்து, மூலக் குறுந்தகட்டிலிருந்து நல்ல பிரதியை எடுத்து வைக்கும். விண்டோஸ் 2000இல் நல்ல பிரதிகள் வட்டிலேயே தனியறையில் காக்கப்பட்டன. கோப்பு சிதைந்ததை எப்படி அறிவது? கோப்பிலுள்ள எண்கள் அனைத்தையும் கொண்டு ஓர் அடையாள எண் கணக்கிடப்படுகிறது. கோப்பில் ஓர் இலக்கம் பிறழ்ந்தாலும் அடையாள எண் மாறிவிடும். உடனே நல்ல பிரதி பழையதன் இடத்தில் அமரும்.

ஆனால் கடிதங்களின் கதி? அவை 'டிபிஎக்ஸ்' என்ற வேறு கோப்புகளில் இருந்தன. அவற்றைச் சுருக்கி அடுக்கும் வேளையில் மின்சாரம் நின்றால் கடிதங்கள் அழியலாம். 2008க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் நிலவிய மின்வெட்டை எண்ணிப் பாருங்கள்! நிரல் கெட்டால் கோடிக்கணக்கான பிரதிகள் உலகில் உண்டு. மகன் எழுதிய கடிதத்திற்கு வேறு பிரதி ஏது? எந்தக் குறுந்தகடும் அதை மீட்டுத் தராது. நாமே எடுத்து வைத்த பிரதிதான் துணை.

அவுட்லுக் எக்ஸ்பிரஸுக்குப் பதிலாக 2007இல் விண்டோஸ் விஸ்டாவுடன் வேறு அஞ்சல் நிரல் வந்தது. இண்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூன் மாதம் ஓய்வு பெற்றது. எனினும் தொட்டி மறையவில்லை. 2021 மார்ச்சில் உலகெங்கும் பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஜிமெயில் உள்ளிட்ட செயலிகள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. பலர் ஜிமெயிலையே குறை கூறினர். பழுதோ, இணையப் பக்கங்களைக் காட்ட அச்செயலிகள் பொதுவாகப் பயன்படுத்திய 'வெப்வியூ' என்ற உறுப்பில் இருந்தது. கூகுள் நிறுவனம் அதைப் புதுப்பித்ததும் எல்லாம் சீராயின.

ஆகவே, இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் கெட்டால் இரண்டையும் தனித்தனியே நோண்டாதீர்கள். அவற்றுக்குப் பொதுவானது எது என்று முதலில் கேளுங்கள். அதற்கும் முன்பாக, உங்கள் கடிதங்களுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டீர்களா?