மருந்திருந்தும் தீராத வலி

1985-ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்றம் போதைப்பொருள்களுக்கெதிரான கடுஞ்சட்டம் ஒன்றை இயற்றியது. கடத்தலை ஒடுக்குவதே அதன் நோக்கம். எனினும், அதன் சுமையைப் பெரிதும் தாங்கியவர்கள் புற்றுநோயாளிகள். மார்ஃபினை வாங்குவதற்கும், இருப்பு வைப்பதற்கும், மாநில எல்லை கடந்து கொண்டுசெல்வதற்கும் வெவ்வேறு உரிமங்கள் தேவைப்பட்டன. கணக்கில் பிழை நேர்ந்தால் பத்தாண்டுச் சிறை என்ற அச்சத்தால் மருத்துவமனைகள் அம்மருந்தையே கைவிட்டன. 1997-இல் நாடு முழுவதும் பயன்பட்ட மார்ஃபின் 18 கிலோ அளவுக்குச் சுருங்கியது. உலகின் மருத்துவத் தேவைக்கு அபின் விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாட்டின் நிலை இது.

சட்டம் வந்த மறு ஆண்டே, 1986-இல், உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான வழிகாட்டியை வெளியிட்டது. மருந்தை வாய்வழியே தருக. வலி திரும்புமுன், மணிக்கணக்குப்படி தருக. வலியின் அளவுக்கேற்பப் படிப்படியாக உயர்த்துக என்பன அதன் சாரம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தரவேண்டிய மருந்தை மருத்துவர் வந்து தர இயலாது. ஆகவே, வலி தணித்தல் என்பது இயல்பாகவே செவிலியரின் பணியாயிற்று. 1967-இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியராகப் பயின்றவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941-லேயே தோன்றியது. ஆயினும், சிகிச்சை முடிந்தோ கைவிடப்பட்டோ வீடு திரும்பியவர்களுக்கென ஓர் இல்லம் அமைய 1986 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு அந்நகரில் சாந்தி அவேத்னா தொடங்கப்பட்டது. 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலிதணிப்பு அமைப்பு, நோயாளியின் வீட்டையே பராமரிப்பின் களமாக்கியது. 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. ஊராட்சிதோறும் செவிலியர் வீடு தேடிச் செல்லும் முறை பரவியது.

அச்செவிலியரின் பணி மருந்து கொடுப்பதோடு நிற்பதில்லை. மார்ஃபினால் வரும் மலச்சிக்கலுக்கு முன்கூட்டியே மருந்து தருவர். அழுகிய புண்ணின் நாற்றம் நீங்க மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுவர். நெருக்கடியை முன்னுணரக் குடும்பத்தாரைப் பழக்குவர். வேதிச்சிகிச்சைக்குப் பின் காய்ச்சல் கண்டால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனை செல்லவேண்டும். முதுகுவலியோடு கால்கள் வலுவிழந்தால் தண்டுவடம் அழுத்தப்படுகிறது என்று பொருள்; தாமதித்தால் நடை திரும்பாது. இறுதிக்கட்டத்தில் குருதி பெருகக்கூடும் எனில், பார்ப்போர் மிரளாதிருக்க அடர்நிறத் துணிகளை அருகில் வைக்கச் சொல்வர்.

2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. இன்றியமையாப் போதைமருந்துகள் என்ற புதிய வகையில் மார்ஃபின் சேர்க்கப்பட்டு, பல உரிமங்களின் இடத்தில் ஒரே ஒப்புதல் முறை வந்தது. தாளில் கதவு திறந்தது. ஆனால், நள்ளிரவில் நோயாளியின் வலி பெருகும்போது அருகிருக்கும் செவிலியருக்கு மார்ஃபின் எழுதித் தரும் உரிமை இந்தியாவில் இன்னும் இல்லை. உகாண்டா, சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியருக்கு அவ்வுரிமையை 2004-லேயே வழங்கிவிட்டது. முப்பதாண்டு காலம் சட்டத்தோடு போராடிய இத்துறையில் எஞ்சியிருக்கும் வழக்கு இதுவே.