மின்னூல் படிப்பானின் மின்கலம் மாற்றுதல்

மின்னூல் படிப்பானின் மின்கலம் மாற்றுதல் என்பது மின்னூல்களைப் படிக்க உதவும் கையடக்கக் கருவியில் வலுவிழந்த மின்கலத்தை அகற்றிப் புதியதைப் பொருத்தும் பணி ஆகும். திரையும் மின்சுற்றும் நன்னிலையில் இருக்க, மின்கலம் கெட்டதால் மட்டுமே கருவி கழிவாவதை இது தவிர்க்கிறது.

மின்கலம் கெடும் விதம்

கின்டில், கோபோ முதலிய கருவிகளில் இலித்தியம்-அயனி மின்கலம் பயன்படுகிறது. இதன் பெயரளவு மின்னழுத்தம் பொதுவாக 3.7 வோல்ட்டு ஆகும். மின்தாள் திரை, பக்கம் மாறும்போது மட்டுமே மின்னாற்றலைப் பயன்படுத்துகிறது. மூன்று வாரத்திற்கு ஒருமுறை மின்னேற்றினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 17 சுற்றுகளே ஆகின்றன; இவ்வகை மின்கலம் சில நூறு சுற்றுகளைத் தாங்கக்கூடியது. எனவே பயன்பாட்டைவிட மின்கலத்தின் வயது, வெப்பம், மின்னிறங்கிய நிலையில் நெடுநாள் கிடத்தல் ஆகியவையே இங்கு முதன்மைக் காரணங்கள் ஆகின்றன.

வடிவம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலா எலக்ட்ரிக் நிறுவனம் மின் ஸ்கூட்டர்களுக்காகத் தயாரிக்கும் 4680 வகைக் கலம், 46 மி.மீ. விட்டமும் 80 மி.மீ. உயரமும் கொண்ட உலோக உருளை ஆகும். மின்னூல் படிப்பானில் இருப்பதோ மெல்லிய உறையிலான தட்டையான பை. உள்ளே வாயு உண்டானால் இது உப்பும், துளைபட்டால் தீப்பற்றக்கூடும். உப்பிய மின்கலத்தை மின்னேற்றவோ அழுத்தவோ கூடாது.

மாற்றும் முறை

# மின்னேற்றத்தைக் குறைத்து, கருவியை முழுதாக அணைக்க வேண்டும்.
# மூடியை நெகிழித் தகட்டால் நெம்பித் திறக்க வேண்டும். பல கருவிகளின் திரை கண்ணாடியாலானது; வளைந்தால் உடையும்.
# மின்கலத்தின் இணைப்பியை முதலில் கழற்ற வேண்டும்.
# திருகுகளையோ பசையையோ நீக்கி, மின்கலத்தை வளைக்காமல் எடுக்க வேண்டும்.
# மின்னழுத்தம், அளவு, இணைப்பி, கம்பிகளின் வரிசை ஆகியவை பழையதுடன் ஒத்த மின்கலத்தைப் பொருத்த வேண்டும்.

வடிவமைப்பும் சட்டமும்

2007 இல் வெளியான முதல் கின்டிலின் பின்மூடியைக் கழற்றிப் பயனரே மின்கலத்தை மாற்ற இயன்றது. 2009 இல் வந்த இரண்டாம் கின்டிலில் இவ்வசதி நீக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயனரே மாற்றும்படி அமைக்க வேண்டும் எனச் சில விலக்குகளுடன் கூறுகிறது. இதற்கான நாள் 2027 பெப்ரவரி 18 ஆகும்.

இந்தியாவில் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 இன்படி, பழைய மின்கலங்களைச் சேகரித்து மறுசுழற்சி செய்விப்பது உற்பத்தியாளரின் பொறுப்பு ஆகும். பயனர் அவற்றை வீட்டுக் குப்பையுடன் கலக்காமல் தனியே ஒப்படைக்க வேண்டும்.