சிறப்புக் கல்வி மாணவர்களுக்கு ரிங்கிட், சென் பழக்குவது எப்படி?

ஜோர்ஜ்டவுன் – நோட்டைக் காட்டினால் 'ஐந்து ரிங்கிட்' என்று சரியாகச் சொல்லும் பிள்ளை, பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் அதே நோட்டை எப்போது நீட்டுவது என்று தெரியாமல் நிற்கலாம். பணத்தை அடையாளம் காண்பது வேறு. அதைக் கொண்டு பொருள் வாங்குவது வேறு. நாட்டில் சிறப்புக் கல்வி மாணவர்களில் பெரும்பாலோர் வழக்கமான பள்ளிகளிலேயே நடைபெறும் ஒருங்கிணைப்புத் திட்ட வகுப்புகளில் படிக்கின்றனர். வகுப்பில் கற்பதைக் கடைவரை கொண்டு செல்வது பெற்றோர் கையிலும் இருக்கிறது.

முதல் சிக்கல் நம் நோட்டுகள்தான். 2012-இல் வெளியான வரிசையில் எல்லா நோட்டிலும் முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மானின் படமே உள்ளது. நிறத்தை நம்பலாமா? 1 ரிங்கிட் நீலம், 50 ரிங்கிட் நீலம் கலந்த பச்சை. 10 சிவப்பு, 20 ஆரஞ்சு. அவசரத்தில் நமக்கே மாறிப் போகிறது! ஆகவே நிறத்தோடு எண்ணையும் பார்க்கப் பழக்க வேண்டும். நாணயங்களில் 5 சென்னும் 10 சென்னும் வெள்ளி நிறம். விட்டத்தில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வேறுபாடு. 50 சென்னின் ஓரத்தில் வெட்டுகள் இருப்பதால் விரலால் தடவியே அறியலாம். விளையாட்டுக் காசில் இதெல்லாம் கிடைக்காது. உண்மையான காசையே கொடுங்கள்.

அமெரிக்கச் சிறப்புக் கல்வி வகுப்புகளில் 'அடுத்த டாலர்' என்றொரு முறை உண்டு. நமக்கு அது 'அடுத்த ரிங்கிட்'. பணப்பையில் ஒரு ரிங்கிட் நோட்டுகளை மட்டும் வையுங்கள். விலை 4 ரிங்கிட் 30 சென் என்றால், பிள்ளை 'நான்கு' என்பதை மட்டும் கவனித்து, நான்கு நோட்டை எண்ணி, இன்னும் ஒன்றைச் சேர்த்துக் கொடுக்கும். விலை சரியாக 4 ரிங்கிட் என்றாலும் நட்டமில்லை. ஒரு ரிங்கிட் திரும்பி வரும். கழித்தல் கணக்கு வரும்வரை காத்திருந்தால், சில பிள்ளைகளுக்குப் பள்ளியை விட்டு வெளியேறும் வயதே வந்துவிடும். மீதியும் ரசீதும் கைக்கு வரும்வரை நகராமல் நிற்பதைத் தனியாகப் பழக்குங்கள்.

இன்னொன்று. 2008 ஏப்ரல் முதல் ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகை அருகிலுள்ள 5 சென்னுக்கு மாற்றப்படுகிறது. 12 ரிங்கிட் 98 சென், 13 ரிங்கிட் ஆகும். எழுதியிருப்பது ஒன்று, கேட்பது ஒன்று என்று ஆட்டிசம் உள்ள பிள்ளை பதறக்கூடும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கியூஆர் கட்டணம் எளிதாகத் தெரிந்தாலும் பணம் குறைவது கண்ணுக்குத் தெரியாது. எனவே ரொக்கம் முதலில். மின்பணப்பை பிறகு, அதுவும் சிறு தொகையோடு. இரகசிய எண்ணைக் காப்பது இன்னும் கடினமான பாடம். பெரியவர் சொன்னால் கேட்க வேண்டும் என்றே வளர்க்கப்பட்ட பிள்ளைகள் இவர்கள். 'தரமாட்டேன்' என்று சொல்லவும் வீட்டில் ஒத்திகை பார்க்க வேண்டும்.

விலை ஒட்டியிருக்கும் பேரங்காடியில் தொடங்கலாம். வாயால் விலை சொல்லும் லிட்டில் இந்தியா கடைகள் அடுத்த கட்டம். கூட்டமில்லாத காலை நேரம் நல்லது. கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பக்கத்தில் நிற்கும் அம்மாவிடம் விலையைச் சொல்லாதீர்கள். பிள்ளையிடமே சொல்லி, எண்ணி முடிக்கும்வரை சற்றுப் பொறுங்கள்.